தடுப்பூசியும் வெட்கமும்

மஞ்சள் காமாலை என்ற பேச்சு வந்தால் நமது ஜனங்களுக்கு உடனே ஞாபகத்திற்கு வருவது கீழாநெல்லியும், வேப்பிலை வைத்து மந்திரிக்கின்றவரும், உப்பில்லாத பத்தியச் சோறுமேயாகும். காமாலை என்பது ஒரே வியாதியல்ல, அது பல வியாதிகளின் அடையாளம் என்பதும், அவற்றுள் ஒன்று இரத்தத்தின் மூலமாகவும் உடற்சேர்க்கையின் மூலமாகவும் தொற்றுகின்றது என்பதும், அந்த ஒன்றைத் தடுப்பதற்கு 1981-ஆம் வருஷத்திலிருந்தே ஊசி இருந்து வருகின்றது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களிலும் தாமே போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்? அதிலும், ஊரார் வாய்க்குப் பயந்து தாம் இன்னாரென்று சொல்லிக்கொள்ள முடியாமல் வாழ்கின்ற ஒரு கூட்டத்தாருக்கு, அதாவது ஆண்களாயிருந்து ஆண்கள் மீதே நாட்டமுடையவர்களாயிருக்கின்றவர்களுக்கு, இவ்வூசி மற்றவர்களைவிட அதிக அவசியமாயிருந்தும், அவர்கள் காதில் இந்தச் சங்கதி விழவே இல்லையென்றால் அதற்கு யார் ஜவாப்தாரி? இதைப்பற்றியே இவ்வாரம் எழுதத் துணிகின்றோம். சில வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். முகம் சுளித்துக்கொண்டாவது முழுவதையும் படிக்கும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்.

முதலில் வியாதியைச் சொல்லிவிடுவோம். டாக்டர்கள் இதற்கு ஹெபடைடிஸ் பி என்று பெயர் சொல்லுகின்றார்கள். கிருமி போய்த் தங்குமிடம் ஈரல். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால், பத்துக் குழந்தைகளில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிலையாகத் தங்கிவிடுகின்றது. வயது வந்தபின் தொற்றினால் பெரும்பாலோருக்குத் தானே நீங்கிவிடுகின்றது. ஒரு சிலரிடம் மாத்திரம் நின்றுவிடுகின்றது. நின்றுவிட்டவர் இருபது முப்பது வருஷ காலம் ஒன்றுமறியாமல் உண்டு உழைத்து நடமாடிக்கொண்டிருக்கலாம். பிறகு அவர்களில் சிலருக்கு ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோக்கும். சிலருக்கு ஈரலில் புற்று வைக்கும். அப்பொழுது, கள்ளையோ சாராயத்தையோ தொட்டறியாத மனிதனைப் பற்றியும் ஊரார் ‘குடித்துக் கெட்டான்’ என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். 2022-ஆம் வருஷத்துக் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 3 கோடி பேர் இக்கிருமியைச் சுமந்து திரிகின்றார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. இது எச்.ஐ.வி. கிருமியைக் காட்டிலும் பல மடங்கு சுலபமாகத் தொற்றக்கூடியது. உடம்புக்கு வெளியே காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் வரையில் உயிரோடிருக்கும். ஒருவர் சவரக்கத்தியை மற்றவர் எடுத்து மழித்துக்கொள்ளுவதுகூட அபாயம் என்றால் மற்றதை விவரிக்க வேண்டியதில்லை.

இவ்வூசி வந்த கதையைக் கேளுங்கள். இக்கிருமியின் தடயத்தை 1960-களில் கண்டுபிடித்த ப்ளும்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1976-ல் நோபெல் பரிசு கிடைத்தது. பின்னர் ஊசி தயாராயிற்று. தயாரானது வேலை செய்கின்றதா என்று பார்க்கவேண்டுமல்லவா? யார்மேல் போட்டுப் பார்ப்பது? 1978-ல் நியூயார்க் நகரத்தில், ஆண்கள் மீது நாட்டமுடைய 1083 ஆண்கள் தாமாக முன்வந்து கையை நீட்டினார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு மெய்யான ஊசியும், மறுபாதிக்கு வெறும் ஊசியும் போட்டு, யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாமல் வைத்துக் கணக்கெடுத்தார்கள். 1980-ல் முடிவு வெளியாயிற்று: மெய்யான ஊசி காத்தது. அதை ஆதாரமாக வைத்தே அடுத்த வருஷம் அமெரிக்க சர்க்கார் உத்தரவு கொடுத்தது.

இன்று ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை பிறந்தால், பிறந்து 24 மணி நேரத்திற்குள் தொடையில் ஓர் ஊசி போடுகின்றார்களே, அது இந்த ஹெபடைடிஸ் பி ஊசிதான். இன்று போடும் மருந்து செய்யும் முறை மாறியிருக்கலாம். ஆனால் இந்த வியாதியை ஊசியால் தடுக்க முடியும் என்பதை முதன்முதலில் உலகத்திற்கு ருஜுப்படுத்தியவர்களில், எவரை நமது ஊரார் வாயில் வைத்துச் சொல்லவும் கூசுகின்றார்களோ அவர்களே முன்னணியில் நின்றார்கள். நம் வீட்டுக் குழந்தைகள் அதன் பலனை அனுபவிக்கின்றன. அவ்வித மக்களுக்கோ நமது ஊரில் அந்த ஊசி போய்ச் சேரவில்லை. இதைவிட வேடிக்கையான நன்றிகெட்டதனம் வேறுண்டா?

ஏன் சேரவில்லை என்று பார்ப்போம். சர்க்கார் அட்டவணை குழந்தைகளுக்கு ஏற்பட்டது. ஐந்து வியாதிகளுக்குச் சேர்த்துப் போடும் ஊசி, அதில் ஹெபடைடிஸ் பி-யும் அடக்கம், 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் ஆரம்பமாயிற்று. நல்ல காரியம். ஆனால் அதற்கு வெகுகாலத்திற்கு முன் பிறந்து இன்று மில்லில் ஷிப்டு பார்க்கின்றவரும், லாரி ஓட்டுகின்றவரும், பால்கோவாக் கடையில் நிற்கின்றவரும் பெரும்பாலும் இவ்வூசியைக் கண்டறியாதவர்கள். பெரியவர்களை யாரும் தேடிப்பிடித்துப் போடுவதில்லை. அவர்களாகவே போய்க் கேட்டால்தான் உண்டு. கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்த பின் வாய் திறந்து கேட்கும் தைரியம் வேண்டும்.

அந்தத் தைரியத்திற்கு என்ன மரியாதை கிடைக்கின்றது என்பதற்கு நாம் கேள்விப்பட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுகின்றோம். நமக்குத் தெரிந்த ஒரு மில் தொழிலாளி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் (எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டியதில்லை) இவ்வூசி வேண்டுமென்று கேட்டார். அங்கிருந்த அம்மாள், வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, “பச்சப் பிள்ளைக்குப் போடுற ஊசி உனக்கு எதுக்குய்யா? ஏன், என்ன பண்ணிட்டு வந்தே?” என்று கேட்டாராம். அவ்வளவுதான், அம்மனிதர் திரும்பி நடந்துவிட்டார். அந்த அம்மாள் கெட்டவரல்ல என்றே நாம் நம்புகின்றோம். அவருக்கு இந்த விஷயத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி ஒரு மனிதனை மாத்திரமல்ல, அவர் போய்ச் சொல்லிய இன்னும் நாலு பேரையும் சேர்த்து விரட்டிவிட்டது. ராஜபாளையத்துக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ராஜபாளையத்திற்கும் பஸ் ஏறுகின்றார்கள் என்பதும், அங்கேயும் சம்பந்தி வீட்டார் யாராவது எதிர்ப்பட்டுவிட்டால் மருந்து வாங்காமலே திரும்பிவிடுகின்றார்கள் என்பதும் நாம் விசாரித்தறிந்த விஷயம். பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் தூரத்தில் எவ்வளவு இரகசியம் தங்கும்?

ராஜபாளையத்திற்குப் பக்கத்திலுள்ள சத்திரப்பட்டி என்ன தொழிலுக்குப் பெயர் பெற்றது? புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்வதற்கு. அங்கே தறியில் ஓடுகின்ற துணி யார் யார் காயத்தையோ கட்டப் போகின்றது. இந்தத் துணி நல்லவன் காயத்திற்கு, அந்தத் துணி கெட்டவன் காயத்திற்கு என்று எந்தத் தறிக்காரராவது பிரித்து நெய்ததுண்டா?

நிற்க, இம்மக்களைப் பற்றி நம்மவர்களுக்கு உள்ள குழப்பத்தையும் கொஞ்சம் தெளிவுபடுத்த வேண்டியதாயிருக்கின்றது. திருநங்கைகள் வேறு, இவர்கள் வேறு. திருநங்கைகளுக்காக 2008-ல் தமிழ்நாட்டு சர்க்கார் தனி நலவாரியம் ஏற்படுத்தியது. ஏதோ ஓரளவிற்கு அவர்கள் கண்ணுக்குத் தெரிகின்றார்கள். நாம் சொல்லுகின்ற ஆண்களோ கண்ணுக்குத் தெரியாதவர்கள். வேஷ்டி கட்டி, மீசை வைத்து, பெரும்பாலும் வீட்டார் வற்புறுத்தலினால் கல்யாணமும் செய்து, பிள்ளைகுட்டிகளோடு நம் தெருவிலேயே இருக்கின்றவர்கள். தங்களுக்குள் கோத்தி, பந்தி என்று பேசிக்கொள்ளுகின்றார்கள். இப்பொழுது தன்பாலீர்ப்பு என்ற மரியாதையான வார்த்தையும் வழக்கில் வந்திருக்கின்றது. அவர்கள் வீட்டில் இருக்கின்ற மனைவிக்கும் இக்கிருமி போகும். அம்மனைவி கர்ப்பிணியானால் குழந்தைக்கும் போகும். ஆகவே ‘அது அவர்கள் பாடு’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எவருக்கும் வழியில்லை.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்’ என்று சொல்லுகின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் கொண்டுவந்தது பழக்கத்தையல்ல, தண்டனையை. 1860-ல் எழுதிய பீனல் கோடில் 377-வது பிரிவு என்று ஒன்றை நுழைத்து, இம்மாதிரிச் சேர்க்கைக்கு ஆயுள் தண்டனை வரையில் வைத்தவன் அவனே. அந்தப் பிரிவை வயது வந்தோர் சம்மதத்துடன் செய்யும் காரியத்திற்குச் செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந் தேதி தீர்ப்புச் சொல்லும் வரையில், டாக்டரிடம் உண்மையைச் சொல்லுவது என்பது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளுவதாக இருந்தது. 158 வருஷத்துப் பயம் ஒரு தீர்ப்பினால் ஒரே நாளில் போய்விடுமா? இது வியாதியே அல்லவென்று உலக சுகாதார ஸ்தாபனம் 1990-லேயே தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-ல் ஒரு வழக்கை விசாரித்தபோது, தமக்கே இவ்விஷயம் சரியாக விளங்கவில்லை என்று ஒரு மனநல நிபுணரிடம் போய்க் கேட்டறிந்து பிறகு தீர்ப்பெழுதினார். இவர்களை ‘மாற்றிக் குணப்படுத்துகிறேன்’ என்று வைத்தியம் செய்வது கூடாதென்றும் உத்தரவிட்டார். 2022-ல் தேசிய மருத்துவக் கமிஷனும் அவ்விதம் செய்வதை டாக்டர் தொழிலுக்கு விரோதமான நடத்தை என்று சொல்லிவிட்டது. ஒரு நீதிபதி தெரியாததைத் தெரியாதென்று சொல்லிக் கற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை. ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளுக்கும் நமக்கும் என்ன வெட்கம்?

‘ஊசி போட்டுவிட்டால் அவர்களுக்குப் பயமில்லாமற் போய் இன்னும் அதிகமாகத் திரிவார்களே’ என்று மற்றொரு சாரார் கேட்கின்றார்கள். இது ஒரு விசித்திரமான நியாயம். ராஜபாளையம் நாய் ஊரறிந்த ஜாதி. வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாகப் பார்க்க இலட்சணமாயிருக்கும். ஆயிரக்கணக்கில் விலை போகும். அதை வாங்கி வளர்க்கின்ற எந்த எஜமானராவது வெறிநோய்த் தடுப்பூசி போடாமலிருக்கின்றாரா? ஊசி போட்டால் நாய் அதிகமாகத் தெருவில் திரியும் என்று யாராவது சொன்னார்களா? அன்றியும், வெறிநாய் கடித்து வருகின்ற மனிதனைப் பார்த்து, ‘நீ ஏன் அந்தச் சந்திற்குப் போனாய்? அங்கே யாரைப் பார்க்கப் போனாய்?’ என்று விசாரித்து, பதில் திருப்தியாயிருந்தால்தான் மருந்து கொடுப்போம் என்று சொல்லுகின்றார்களா? 1907-ல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் ஏற்பட்டது முதல் கடித்த நாயைப் பற்றிக் கேட்டிருப்பார்களே தவிர, கடிபட்டவன் ஒழுக்கத்தைப் பற்றிக் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. நாய்க்கடிக்கு ஒரு நியாயம், ஈரல் வியாதிக்கு ஒரு நியாயமா?

இதே நாட்டில் பெரியம்மைக்கு ஊசி வந்த கதையை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளுவது பொருத்தம். 1796-ல் ஜென்னர் கண்ட அம்மைப்பால், 1802-ல் பம்பாய் வந்து, பிறகு சென்னைக்கும் வந்தது. ஜனங்கள் கையை நீட்ட மறுத்தார்கள். அம்மை என்பது மாரியம்மாள் உடம்பில் இறங்கி விளையாடுவது. அதைத் தடுப்பது தெய்வக் குற்றம் என்று பயந்தார்கள். அப்பொழுது சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை ஒரு தந்திரம் செய்தார். தமிழ் நன்றாய்ப் படித்தவரானதால், சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்ளுவதுபோல ஒரு கதை கட்டி, பசுவின் அம்மைப்பால் அம்மனே மனமிரங்கி அருளியது என்று எழுதிவைத்தார். எண்ணம் நல்ல எண்ணந்தான். ஆனால் ஒரு பொய்யைக் கொண்டு மற்றொரு பொய்யை விரட்டினால், இரண்டாவது பொய் வீட்டிலேயே தங்கிவிடுகின்றது. பெரியம்மை ஒழிந்தது கதையினாலல்ல. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் முதலிய இடங்களில் அம்மைப்பால் தயாராகி, ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் போட்டதினாலேயே ஒழிந்தது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் அது நின்றது. 1980-ல் உலகத்திலேயே இல்லையென்று அறிவிக்கப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் மாரியம்மனுக்கு இன்னும் பூக்குழி இறங்குகின்றார்கள். ஆனால் பெரியம்மைக்காக இறங்குகின்றவர் எவருமில்லை. நமது வீட்டுக் கிழவர் கிழவிகளின் கையில் காசு அளவிற்கு இருக்கின்ற தழும்பே அதற்குச் சாட்சி.

படிக்காத ஜனங்களை மாத்திரம் குறை சொல்லுவது நியாயமாகாது. அம்மை குத்துவதைக் காந்தியார் அருவருப்பான காரியம் என்று எழுதினார். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை 1955-ல் இராஜகோபாலாச்சாரியார் எதிர்த்துப் பிரசாரம் செய்தார். பெரிய மனிதர்கள் சொன்னால் பயம் பெரிதாகவே பரவும். பயம் பரவுவதற்குச் சில வேளை ஒருவரும் சொல்லவே வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் 15-ந் தேதி நடிகர் விவேக், ஜனங்களுக்கு வழிகாட்டுவதற்காகவே பலரறியக் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். 17-ந் தேதி மாரடைப்பினால் காலமானார். மூடப்பழக்கங்களைக் கேலி செய்தே சின்னக் கலைவாணர் என்று பெயரெடுத்த அவருடைய மரணமே கிராமங்களில் ஊசிக்கு எதிரான வதந்தியாகிவிட்டது! அவர் மரணத்திற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று நிபுணர் கமிட்டி ஆராய்ந்து சொல்லியதற்குள் ஆறு மாதமாயிற்று. வதந்திக்கு ஆறு மணி நேரம் போதுமாயிருந்தது.

சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது நம்முடையதற்கும் பொருந்தும். கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை சர்வகலாசாலையில் தியாகராஜன் என்ற பேராசிரியரும் அவரது கூட்டத்தாரும், மேற்சொன்ன ப்ளும்பர்க்கையும் சேர்த்துக்கொண்டு, கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யை நீக்குகின்றது என்று 1988-ல் லான்செட் என்ற சீமைப் பத்திரிகையில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். நமக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு மற்ற இடங்களில் மற்றவர்கள் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அவ்வளவுதான், அதற்காக அழவேண்டியதில்லை. நம்முடைய தோட்டத்துச் செடி என்பதற்காக விஷயம் மாறிவிடாது. காமாலை வந்தவர் கீழாநெல்லியை மென்றுகொண்டு இரத்தப் பரிசோதனைக்குப் போகாமலிருப்பதுதான் ஆபத்து.

அமெரிக்காவில் எல்லாம் சரியாக நடக்கின்றது என்றும் எண்ணிவிடவேண்டாம். 2022-ல் எம்பாக்ஸ் என்ற குரங்கம்மை உலகத்தில் பரவியது. காங்கோ முதலிய ஆப்பிரிக்க நாடுகளில் குழந்தைகளையும் பிடிக்கின்ற வியாதிதான். ஆனால் அவ்வருஷம் பரவியபோது பெரும்பாலும் ஆண்களோடு சேர்க்கையுள்ள ஆண்களிடையே பரவிற்று. இந்தியாவிலும் ஜூலை மாதம் கேரளத்தில் தலைகாட்டியது. அமெரிக்காவில் ஊசி இருந்தது. யாருக்குப் போய்ச் சேர்ந்தது? வியாதி அதிகமாகப் பிடித்தது கறுப்பர்களையும், லத்தீனோ என்று சொல்லப்படுகின்ற ஸ்பானிய வம்சத்தாரையும். ஊசி அதிகமாகக் கிடைத்ததோ வெள்ளையர்களுக்கு. இங்கிலீஷ் சரியாக வராது, குடியேறிய காகிதம் சரியாக இல்லை, வேலையை விட்டு மத்தியானம் வரிசையில் நிற்கமுடியாது, நின்றால் அண்ணன் தம்பிமார் பார்த்துவிடுவார்கள், வீட்டிலோ மாதா கோவிலிலோ தெரிந்தால் தொலைந்தோம்! மில் ஷிப்டையும் சம்பந்தி வீட்டாரையும் வைத்துப் பார்த்தால் ராஜபாளையத்திற்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் என்ன பேதம்?

அங்கே மற்றொரு விஷயமும் நடந்தது. மருந்து குறைவாயிருந்தபடியால் முன்னங்கையில் தோலுக்குள் மாத்திரம் கொஞ்சமாகக் குத்தினார்கள். அது சில வாரங்களுக்குச் சிவந்த அடையாளமாக நின்றது. அந்த அடையாளத்தைப் பார்த்தே ‘இவன் இன்னான்’ என்று கண்டுகொள்ளுவார்கள் என்று அநேகர் வரப் பயந்தார்கள். உடனே சுகாதார இலாக்காவார், சட்டைக்குள் மறைகின்ற தோளிலோ முதுகின் மேற்புறத்திலோ போடலாம் என்று செப்டம்பர் மாதத்திலேயே விதியை மாற்றினார்கள். நமது பாட்டிமார் கையிலிருக்கும் அம்மைத் தழும்பை யாரும் மறைத்ததில்லை. எல்லோர் கையிலும் இருந்ததால் அது வெட்கமாயில்லை. ஒரு கூட்டத்தாருக்கு மாத்திரம் என்றாகும்போது அதே தழும்பு சூடு போட்ட அடையாளமாகிவிடுகின்றது. ஆகவே நமது யோசனை என்னவென்றால், ஹெபடைடிஸ் பி ஊசியை ‘அவர்களுக்கு’ என்று தனியாகப் பெயர் வைத்துப் போடாமல், மில் வாசலிலும், பஸ் ஸ்டாண்டிலும், சவரத் தொழிலாளர் சங்கத்திலும், லாரி ஷெட்டிலும், கேட்கின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வியுமில்லாமல் போடவேண்டும். சீமை ஊசி ஏழைக்கு எட்டாத விலையில் விற்ற காலத்தில், 1997-ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் கம்பெனி உள்நாட்டிலேயே செய்து விலையை இறக்கிவிட்டது. இன்று பெரியவருக்கு மூன்று ஊசிக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். சர்க்காருக்கு இது ஒரு சுமையல்ல.

எச்.பி.வி. என்ற மற்றொரு கிருமியும் இருக்கின்றது. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று வருவது இதனாலேயே. ஆண்களுக்கும் ஆசனவாய், ஆண்குறி, தொண்டை ஆகிய இடங்களில் புற்று வரக் காரணமாகின்றது. ஆண்களோடு சேர்க்கையுள்ள ஆண்களுக்கு ஆசனவாய்ப் புற்று மற்ற ஆண்களைவிட மிக அதிகம். 2022-ல் பூனாவில் செய்த ஊசிக்கு ஆண் பெண் இருபாலாருக்கும் 9 வயது முதல் 26 வயது வரை அனுமதி கிடைத்திருக்கின்றது. 14 வயதுப் பெண்களுக்குப் போடுவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்ததைப் பாராட்டுகின்றோம். பையன்களுக்கு? இங்கிலாந்தில் 2018 முதல் ஆண்களோடு சேர்க்கையுள்ள ஆண்களுக்கு 45 வயது வரையில் இலவசமாகப் போடுகின்றார்கள். இங்கே இந்த ஊசி கையில் காசுள்ளவன் கடையில் வாங்குகின்ற சாமானாக இருக்கின்றது.

எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி இருப்பதாகச் சிலர் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். இல்லை. 2006-ல் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையத்திலேயே ஒன்றைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். உலகத்தில் எங்கும் உபயோகத்திற்குத் தக்கதாக எதுவும் இதுவரை தேறவில்லை. தொற்றாமல் தடுக்க மாத்திரையும் ஆணுறையும், தொற்றியபின் ஆயுளை நீட்டிக்க மருந்தும் இருக்கின்றன. ஆனால் வெட்கத்திற்கு மருந்தில்லை. 2018 டிசம்பரில் நமது ஜில்லா சாத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த இரத்தத்தை ஏற்றிவிட்டார்கள் என்று நாடே அல்லோலகல்லோலப்பட்டது. இரத்தம் கொடுத்த வாலிபர் வேறொரு பரிசோதனையில் விஷயமறிந்ததும், தாமே ஆஸ்பத்திரிக்குத் தெரிவித்தார். யோக்கியமான மனிதன் செய்கின்ற காரியம். சில தினங்களுக்குள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எப்படிப்பட்டவர், அவருக்கு எப்படித் தொற்றியது என்பவை நம்முடைய விசாரணைக்கு உட்பட்டவையல்ல. இரத்தத்தைச் சரியாகச் சோதிக்க வேண்டியது இலாக்காவின் கடமை; அவமானம் முழுவதையும் சுமந்ததோ உண்மையைச் சொன்னவன். இதைப் பார்த்த மற்றொரு வாலிபன் நாளைக்கு நம்பிக்கை மையத்தின் வாசற்படி ஏறுவானா? 2017-ல் ஏற்பட்ட இரத்ததான விதிகளும் திருநங்கைகளையும், ஆண்களோடு சேர்க்கையுள்ள ஆண்களையும் அடியோடு விலக்கிவைத்தன. ஒவ்வொரு புட்டியையும் சோதிப்பதற்குப் பதிலாக ஒரு கூட்டத்தை விலக்குவது சுலபமல்லவா! அதை எதிர்த்து 2021-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கும் போடப்பட்டது.

கடைசியாக நம் தோழர்களுக்கே ஒரு வார்த்தை. தீண்டாமையைக் கண்டிக்கின்ற மேடையில் பேசிவிட்டு இறங்கி, டீக்கடையில் ஓர் ஆளைப் பார்த்து ‘ஒம்போது’ என்று கண்ணடித்துச் சிரிக்கின்றவர்கள் நம்மிலேயே இருக்கின்றார்கள். நாம் நேரில் பார்த்திருக்கின்றோம். ‘இயற்கைக்கு விரோதம்’ என்று அவர்கள் சொல்லுகின்ற வார்த்தை மெக்காலே கூட்டத்தார் சட்டத்தில் எழுதிவைத்த வார்த்தை. பகுத்தறிவாளன் வெள்ளைக்காரப் பாதிரியின் வார்த்தையை எதற்காக வாயில் போட்டுக்கொள்ளவேண்டும்? அந்தச் சிரிப்பைக் கேட்ட மனிதன் உங்கள் கூட்டத்திற்கும் வரமாட்டான், ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டான்.

இனி, போட்டுக்கொள்ள விரும்புகின்றவர்களுக்கு விவரம். முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை. கிருமி ஏற்கெனவே இருக்கின்றதா என்று பார்ப்பதற்கு. இருந்தால் பயப்படவேண்டாம்; அடக்கி வைக்க மாத்திரை உண்டு, 2018 முதல் தேசிய ஈரல் அழற்சித் திட்டத்தின்கீழ் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவும் கொடுக்கின்றார்கள். இல்லையென்றால் முதல் ஊசி அன்றே போட்டுக்கொள்ளலாம். ஒரு மாதம் கழித்து இரண்டாவது. முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. இரண்டோடு நிறுத்திவிடுகின்றவர்களே அதிகமாதலால் மூன்றாவது தேதியைக் காலண்டரில் குறித்துவைக்கவும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அளவு மாறக்கூடுமாகையால் அதை டாக்டரிடம் மறைக்கவேண்டாம். மனைவிக்கும் சேர்த்துப் போடச் சொல்லலாம். காரணம் கேட்டால், பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்று பத்திரிகையில் பார்த்தேன் என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. தனியே போகக் கூச்சப்படுகின்றவர்கள் ராஜபாளையத்திற்கா ஸ்ரீவில்லிபுத்தூருக்கா, என்றைக்கு என்று நமக்கு ஒரு கார்டு எழுதினால், நம் தோழரில் ஒருவர் கூட வந்து வரிசையில் நின்று தாமும் ஓர் ஊசி போட்டுக்கொள்ளுவார். கார்டில் பெயர் எழுதவேண்டியதில்லை.